ஒரு பேப்பர் கடக்கும் கைகள்

ஜர்னலுக்கு அனுப்பிய பேப்பரை முதலில் திறந்து பார்ப்பவர் எடிட்டர் என்றுதான் பெரும்பாலான ஆராய்ச்சி மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எடிட்டர் இரண்டாவது ஆள். அவருக்கு முன்னால் தொழில்நுட்பச் சரிபார்ப்பு என்று ஒரு மேசை இருக்கிறது. கேட்ட கோப்புகள் எல்லாம் வந்துவிட்டனவா, அப்ஸ்ட்ராக்ட் எனும் சுருக்கவுரை சொல் வரம்புக்குள் நிற்கிறதா, படங்கள் திறக்கின்றனவா, நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. உங்கள் கண்டுபிடிப்பு உலகை மாற்றுமா என்பது அவர்கள் கவலை இல்லை. அங்கே தேறினால் எடிட்டர், அவர் விட்டால் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்கள், அதாவது ரிவியூவர்கள், ஏற்றுக்கொண்ட பிறகு காப்பி எடிட்டர், கடைசியில் பக்கம் கட்டுபவர். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பலவற்றின் பக்கம் கட்டும் வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கிறது. ஆம்ஸ்டர்டாம் முகவரி போட்ட ஜர்னலின் புரூஃப், அதாவது அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் பிரதி, உங்கள் விடுதியிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் தயாராகியிருக்கலாம்.

இந்தக் கைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைத் தேடுகின்றன. பேப்பர் எழுதுவது எப்படி என்று சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. எழுதி முடித்ததைக் கோப்பாக்கி, படிவம் நிரப்பி, கை மாற்றிக் கை மாற்றி அச்சு வரை சேதமில்லாமல் கொண்டுசெல்வதைப் பற்றிப் பேச்சு குறைவு. பேச ஓர் உதாரணம் வேண்டும். நொச்சி இலைச் சாறு சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஒரு பேப்பர் என வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களிலிருந்து அதிகம் போகும் வகைகளில் ஒன்று.

எங்கே அனுப்புவது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். சுலபமான வழி உங்கள் மேற்கோள் பட்டியலிலேயே இருக்கிறது. அதில் எந்த ஜர்னல் அடிக்கடி வருகிறதோ அதன் வாசகர்கள்தான் உங்கள் வாசகர்கள். நான்கைந்து பெயர்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் நோக்க எல்லைப் பக்கத்தையும், கடைசி ஐந்தாறு இதழ்களின் தலைப்புகளையும் படியுங்கள். சுத்திகரிக்காத தாவரச் சாற்றை வைத்துச் செய்த சோதனைகளை எடுத்துக்கொள்வதில்லை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கும் ஜர்னல்கள் உண்டு. அந்த ஒரு வரியைப் படிக்காமல் அனுப்பினால் போன வேகத்தில் திரும்பும்.

ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்பதை ஜர்னலின் முகப்புப் பக்கத்தில் போட்டிருக்கும் முத்திரையை வைத்து நம்பக் கூடாது. ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் போய், எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒருகாலத்தில் இருந்து பிறகு நிறுத்தப்பட்டவை பழைய முத்திரையை எடுப்பதில்லை. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்ற ஜர்னல்களைத் தொகுத்த ‘கேர்’ பட்டியலும் இப்படித்தான். 2025 பிப்ரவரியில் யுஜிசி அந்தப் பட்டியலையே கைவிட்டு, தரம் பார்க்கும் பொறுப்பை நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. அதற்குப் பிறகும் ‘யுஜிசி கேர் அப்ரூவ்டு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம் எதைச் சொல்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ‘7 நாளில் பப்ளிகேஷன்’ என்பதும் அதே ரகம். இரண்டு ரிவியூவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதிக்க வைப்பதற்கே ஏழு நாள் போதாது.

இதைவிட நுணுக்கமான மோசடி போலித் தளம். உண்மையான ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் அப்படியே எடுத்து வேறொரு முகவரியில் தளம் கட்டிப் பணம் வாங்குவார்கள். கூகுளில் தேடி வரும் முதல் இணைப்பைச் சொடுக்காமல், ஸ்கோபஸிலோ ஐஎஸ்எஸ்என் போர்ட்டலிலோ பதிவாகியிருக்கும் முகவரி வழியாகத் தளத்துக்குப் போனால் இதில் சிக்க மாட்டீர்கள். ஐஎஸ்எஸ்என் இருப்பதே தரச்சான்று என்று நினைப்பவர்களும் உண்டு. அது எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். எந்தத் தொடர் வெளியீடும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பணம் கேட்கிற ஜர்னல் எல்லாம் மோசடி இல்லை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க (ஓபன் ஆக்சஸ்) ஜர்னல்கள் பல, ஆசிரியர் கட்டும் வெளியீட்டுக் கட்டணத்தில்தான் நடக்கின்றன. நேச்சர் இதழ் 2021இல் திறந்த அணுக்க வழியைத் தொடங்கியபோது வைத்த கட்டணம் 9,500 யூரோ. ஆனால் சந்தா வழியில் வெளியிடும் ஜர்னல்கள் பெரும்பாலும் ஆசிரியரிடம் எதுவும் வாங்குவதில்லை. இரண்டு வழியும் உள்ள ஹைப்ரிட் ஜர்னலில் ஏற்றுக்கொண்ட பிறகு வரும் படிவத்தில் ‘ஓபன் ஆக்சஸ்’ என்ற கட்டத்தைத் தெரியாமல் தேர்ந்துவிட்டு, பில் வந்த பிறகு தலையில் கை வைக்கிறார்கள். ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்று இன்னொரு கட்டம் பக்கத்திலேயே இருந்திருக்கும்.

ஜர்னல் முடிவானால் எழுத்து. எழுதும் வரிசை, படிக்கும் வரிசை இல்லை. முதலில் படங்களும் அட்டவணைகளும், அவற்றை வைத்து முடிவுகள், பிறகு செய்முறை, விவாதம், முன்னுரை, கடைசியாக அப்ஸ்ட்ராக்ட்டும் தலைப்பும். தலைப்பில் ‘ஓர் ஆய்வு’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. எந்தக் கரைப்பானில் எடுத்த சாறு, எந்த பாக்டீரியா, என்ன விளைவு என்ற மூன்றும் தலைப்பில் இருந்தால் எடிட்டர் அப்ஸ்ட்ராக்ட்டுக்குப் போவதற்கு முன்பே பாதி முடிவு செய்துவிடுவார். தலைப்பில் வந்த சொற்களையே கீவேர்டுகளாகத் திரும்ப எழுதுவது வீண். தேடுபொறி தலைப்பையும் படிக்கிறது. அங்கே விட்டுப்போனதைக் கீவேர்டில் கொடுங்கள்.

செய்முறைப் பகுதியில்தான் நொச்சிப் பேப்பர்கள் அதிகம் அடிவாங்குகின்றன. தாவரத்தின் அறிவியல் பெயர், அதை முதலில் பெயரிட்டவரின் சுருக்கக் குறியோடு முழுமையாக வேண்டும். இலை எங்கே, எந்த மாதம் பறித்தது, யார் அடையாளம் கண்டது, மாதிரியை எந்த ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) எந்த எண்ணில் வைத்திருக்கிறது என்பவை வேண்டும். பாக்டீரியா என்றால் எந்தச் சேகரிப்பிலிருந்து வாங்கிய எந்த எண் கொண்ட ஸ்ட்ரெயின் என்று வேண்டும். சண்டிகரில் உள்ள எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பிலிருந்து வாங்கியிருந்தால் அதன் எண் குப்பியிலேயே இருக்கும். சாறு ஊறிய டிஸ்க்கைச் சுற்றி பாக்டீரியா வளராத தடைவட்டத்தின் விட்டத்தைச் சொல்லும்போது டிஸ்க்கின் 6 மி.மீ. அதில் சேர்ந்ததா இல்லையா என்று சொல்லாமல் விடுபவர்கள் பலர். சேர்ந்தது என்றால் 6 மி.மீ. என்ற அளவுக்குப் பொருள் ‘தடையே இல்லை’ என்பதுதான்.

அடுத்தது ‘என் சமம் 3’, அதாவது மூன்று முறை செய்த சோதனை என்ற கணக்கு. ஒரே நாளில், ஒரே சாற்றை, ஒரே தட்டில் மூன்று குழிகளில் ஊற்றினால் அது மூன்று சோதனைகள் இல்லை. ஒரு சோதனையை மூன்று முறை அளந்திருக்கிறீர்கள். பிப்பெட் பிடிக்கும் கை எவ்வளவு சீரானது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். வேறு வேறு நாளில், ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்த சாற்றில் செய்தால்தான் அது தனித்தனி மாதிரி. பேப்பரில் எது எத்தனை என்று பிரித்து எழுதிவிட்டால் ரிவியூவர் கேட்பதற்கு ஒன்று குறையும். பட்டை வரைபடத்தின் மேல் நிற்கும் கோடு திட்டவிலக்கமா, திட்டப்பிழையா, 95 சதவீத நம்பிக்கை இடைவெளியா என்பதை ஒவ்வொரு படத்தின் விளக்கத்திலும் சொல்ல வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் பழைய பதிப்புகள் கொடுக்கும் ‘0.000’ என்ற பி மதிப்பை அப்படியே எழுதக் கூடாது. நிகழ்தகவு பூஜ்யமாகாது. அந்த மென்பொருள் இயல்பாக மூன்று தசமம் வரைதான் காட்டுகிறது, அவ்வளவே. 0.001ஐ விடக் குறைவு என்று எழுத வேண்டும்.

இனி படங்கள். தொழில்நுட்ப மேசையிலிருந்து பேப்பர் திரும்பி வருவதற்குப் படத்தைவிட அடிக்கடி வரும் காரணம் வேறில்லை என்பேன். பவர்பாயின்ட்டில் வரைந்து, ‘சேவ் ஆஸ் பிக்சர்’ கொடுத்து எடுத்த படத்தை அனுப்புவார்கள். திரையில் பளிச்சென்று இருக்கும், அச்சில் மங்கும். கணக்கு எளிது. எல்செவியர் ஜர்னல்களில் ஒற்றைப் பத்தி அகலம் 90 மி.மீ., முழுப் பக்க அகலம் 190 மி.மீ. புகைப்படம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் (டிபிஐ) கேட்கிறார்கள். 90 மி.மீட்டரை 25.4ஆல் வகுத்து 300ஆல் பெருக்கினால் சுமார் 1,063 பிக்சல். முழு அகலத்துக்கு சுமார் 2,244. பவர்பாயின்ட் வழக்கமாகக் கொடுக்கும் அகல ஸ்லைடின் படம் 1,280 பிக்சல்தான். அதை முழுப் பக்கத்துக்கு விரித்தால் 171 டிபிஐ வரும். வெறும் கோடும் எழுத்தும் கொண்ட வரைபடத்துக்கு 1,000 டிபிஐ கேட்பார்கள், அங்கே இது எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

இதற்குப் பலர் கண்டுபிடிக்கும் வைத்தியம், போட்டோஷாப்பில் திறந்து டிபிஐ கட்டத்தில் 300 என்று அடித்துச் சேமிப்பது. பிக்சல் எண்ணிக்கை மாறாமல் அந்த எண் மட்டும் மாறினால் படம் சிறிதாகும், தெளிவு கூடாது. பிக்சலையும் சேர்த்துக் கூட்டச் சொன்னால் மென்பொருள் நடுவில் இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்பும், மங்கல் பெரிதாகும். சரியான வழி மூலத்துக்கே திரும்பிப் போவது. ஆரிஜின், ஆர், பைத்தான் எதில் வரைந்திருந்தாலும் பிடிஎஃப் அல்லது இபிஎஸ் வடிவில் வெக்டராக, அதாவது புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக, எடுத்துவிட்டால் டிபிஐ பேச்சே வராது. படத்தை வேர்டு கோப்புக்குள் ஒட்டி அனுப்புவதென்றால் ‘டு நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்’ என்ற கட்டத்தை முதலிலேயே டிக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் சேமிக்கும்போது வேர்டு தானாகவே தெளிவைக் குறைக்கும், உங்களிடம் கேட்காது.

படத்தை 90 மி.மீட்டருக்குச் சுருக்கி ஒரு தாளில் அச்செடுத்துப் பாருங்கள். படத்தில் உள்ள எழுத்துகள் 7 பாயின்ட் அளவுக்குக் கீழே போயிருந்தால் கண்ணாடி போட்ட ரிவியூவர் கோபப்படுவார். நுண்ணோக்கிப் படத்தில் ‘400 மடங்கு’ என்று எழுதுவதற்கு அர்த்தமில்லை, படத்தை இழுத்துச் சுருக்கியதும் அந்த எண் பொய்யாகிவிடும். அளவுகோல் கோடு போடுங்கள், அது படத்தோடு சேர்ந்து சுருங்கும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். ஆண்களில் கணிசமானவர்களுக்கு அந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், உங்கள் ரிவியூவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பார்க்கச் சின்னதாகவும் விளைவில் பெரிதாகவும் இருக்கும் பிழை ஒன்று உண்டு. நொச்சிச் சாற்றின் குறைந்தபட்சத் தடைச் செறிவு மில்லிலிட்டருக்கு 250 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோ குறியை வேர்டில் ‘சிம்பல்’ எழுத்துருவுக்கு மாறி ஆங்கில ‘எம்’ விசையைத் தட்டிப் போடும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. திரையில் மைக்ரோ தெரியும். உள்ளே இருப்பது எம்தான். கோப்பு இன்னொரு மென்பொருளுக்குப் போகும்போது எழுத்துரு கழன்றுவிட்டால் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகும். ஆயிரம் மடங்கு பிழை, யார் கண்ணிலும் படாமல். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை எழுத்துரு மாற்றிப் பார்த்தால் ஆங்கில எழுத்துகளாய்ச் சிதறிக் கிடக்குமே, அதே கதைதான். அங்கே சிதறியது கண்ணுக்குத் தெரியும், இங்கே தெரியாது என்பதுதான் ஆபத்து. ‘இன்சர்ட் சிம்பல்’ வழியாக வழக்கமான எழுத்துருவின் யுனிகோடு மைக்ரோவைப் போடுங்கள். முடித்த பிறகு முழுக் கோப்பையும் தெரிவு செய்து ஒரே எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். எந்த மைக்ரோ எம் ஆகிறதோ அது திருட்டு மைக்ரோ.

எக்செல்லிலும் இப்படி ஒன்று உண்டு. செப்டின், மார்ச் குடும்ப மரபணுக்களின் குறியீடுகளைத் தட்டியதும் அது செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக்கிவிடும். பின்னிணைப்பில் எக்செல் மரபணுப் பட்டியல் கொண்ட பேப்பர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. எக்செல்லைத் திருத்த முடியாமல் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்.

மேற்கோள்களைக் கையால் அடிக்கும் காலம் போய்விட்டது. மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம். ஜர்னலின் பாணியைத் தேர்ந்தால் பட்டியல் தானே மாறும், திரும்பப் பெறப்பட்ட பேப்பர் உங்கள் நூலகத்தில் இருந்தால் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கும். ஆனால் அது எடுத்துவரும் விவரத்தை அப்படியே நம்பக் கூடாது. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், அறிவியல் பெயர் சாய்வெழுத்து இழக்கும், கட்டுரை எண் இருக்க வேண்டிய இடத்தில் பக்க எண் ‘1-1’ என்று நிற்கும். பேப்பரின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ ஒவ்வொன்றையும் ஒரு முறை சொடுக்கிப் பாருங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டு வாங்கிய மேற்கோள் என்றால் இது கட்டாயம். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், ஜர்னல் உண்மையாக இருக்கும், பேப்பர்தான் உலகத்திலேயே இருக்காது. அந்தக் கருவிகளை மொழி திருத்தப் பயன்படுத்தியிருந்தால் ஜர்னல் கேட்கும் இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் பட்டியலில் அவற்றைச் சேர்க்க முடியாது, பொறுப்பேற்க அவற்றால் முடியாது என்பதே காரணம்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் சொல்லும் ஒப்புமைச் சதவீதத்தைப் பற்றி நம் ஊரில் தேவைக்கு மேல் பயம், வேண்டிய இடத்தில் அலட்சியம். யுஜிசியின் 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்று இருக்கிறது. ஜர்னல் எடிட்டருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. அவர் மொத்தத்தைவிட எங்கே ஒத்துப்போகிறது என்பதைப் பார்ப்பார். செய்முறையில் அங்கங்கே சிதறிய 15 சதவீதத்தை விட்டுவிடலாம், விவாதத்தில் ஒரே மூலத்திலிருந்து வந்த 4 சதவீதப் பத்தியை விட மாட்டார். சதவீதத்தைக் குறைக்கச் சொல்மாற்றும் மென்பொருளில் போட்டெடுப்பது இன்னும் மோசம். 2021இல் கணினி அறிவியல் ஆய்வாளர்கள் இப்படி உருக்குலைந்த தொடர்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்பது ‘பூஸம் பெரில்’ ஆகியிருந்தது, ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்’. இன்று அவற்றைத் தேடிப் பிடிக்கவே மென்பொருள் இருக்கிறது. உங்கள் ஆய்வேடு ஏற்கெனவே ஷோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறியிருந்தால் பேப்பர் அதோடு ஒத்துப்போகத்தான் செய்யும். ‘இது என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல், வேறு ஜர்னலில் வெளிவரவில்லை’ என்று கவர் லெட்டரில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். தமிழர்களுக்கென்றே வந்து வாய்த்த சிக்கல் இது. கே. செல்வி என்பவர் படிவத்தில் ‘ஃபர்ஸ்ட் நேம்’ கட்டத்தில் செல்வி என்றும் ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் கே என்றும் போடுகிறார். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகராதே, வேறு என்ன செய்வார்? பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளம் குடும்பப் பெயரை முழுதாகவும் முதற்பெயரை எழுத்தாகவும் காட்டும். ஆக, அவர் உலகத்துக்கு ‘கே எஸ்’. இரண்டே எழுத்து. தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள். அடுத்த பேப்பரில் தந்தை பெயரை விரித்து செல்வி கந்தசாமி என்று போட்டால் மேற்கோள் எல்லாம் ‘கந்தசாமி எஸ்’ என்ற பெயரில் சேரும், வேலை செய்தது மகள், பேர் அப்பாவுக்கு. திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் மூன்றாவது ஆள்.

இதற்கு முழுத் தீர்வு கிடையாது. பி.எச்டி. முதல் பேப்பருக்கு முன்பே ஒரு வடிவத்தைத் தேர்ந்து, சாகும்வரை அதையே பிடித்துக்கொள்வதுதான் வழி. ஒற்றை எழுத்தைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடவே போடாதீர்கள். தந்தை பெயர் வேண்டாம் என்றால் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் இனிஷியலை முதற்பெயர்க் கட்டத்திலும் போடலாம். ‘செல்வி கே’ என்று மேற்கோளில் வரும், பெயர் பெயராக நிற்கும். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணை எடுத்து எல்லா வடிவங்களையும் அதில் கட்டிவையுங்கள். 16 இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. நிறுவனப் பெயரிலும் இதே ஒழுங்கு வேண்டும். திருச்சிராப்பள்ளியை ஆங்கிலத்தில் ஒருவர் ஒற்றை ‘பி’ போட்டும், இன்னொருவர் இரட்டை ‘பி’ போட்டும், மூன்றாமவர் ‘ட்ரிச்சி’ என்றும் எழுதினால் ஒரே துறையின் பேப்பர்கள் மூன்று கணக்கில் சிதறும்.

யார் பெயர் வர வேண்டும் என்பதற்கு மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. வேலையில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழுமைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். துறைத் தலைவர் என்பது இதில் எங்கேயும் வரவில்லை. பல ஜர்னல்கள் இப்போது 14 வகைப் பங்குகள் கொண்ட கிரெடிட் பட்டியலில் யார் எதைச் செய்தார் என்று நிரப்பச் சொல்கின்றன. பெயர் வரிசையை அனுப்பும் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ எல்லாரும் கையெழுத்திட்ட கடிதம் கேட்பார்கள், அந்தக் கையெழுத்து வேட்டையில் மாதங்கள் போகும்.

கவர் லெட்டர் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அப்ஸ்ட்ராக்ட்டை வெட்டி ஒட்டாதீர்கள். என்ன தெரிந்திருந்தது, நீங்கள் எதைச் சேர்த்தீர்கள், ஏன் இந்த ஜர்னலின் வாசகருக்கு இது வேண்டும் என்று மூன்று நான்கு வாக்கியம், பிறகு வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி. முந்தைய ஜர்னலின் பெயரை மாற்ற மறந்த கவர் லெட்டர் எடிட்டர்களுக்கு அன்றாடக் காட்சி.

ரிவியூவர் பெயர்கள் கேட்டால் உங்கள் மேற்கோள் பட்டியலிலிருந்தே எடுக்கலாம். உங்களோடு சேர்ந்து எழுதியவர், உங்கள் கைடின் கைடு, அதே பல்கலைக்கழகத்துக்காரர் வேண்டாம். நிறுவன மின்னஞ்சல்தான் கொடுக்க வேண்டும். ஜிமெயில் முகவரியைக் கண்டதும் எடிட்டர் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. போலி முகவரி கொடுத்துத் தாங்களே மதிப்பீடு எழுதிக்கொண்ட விவகாரத்தில் 2015 மார்ச்சில் பயோமெட் சென்ட்ரல் பதிப்பகம் 43 பேப்பர்களைத் திரும்பப் பெற்றது. 2017இல் டியூமர் பயாலஜி என்ற ஒரே ஜர்னலிலிருந்து 107 போயின.

பெயர் மறைத்த மதிப்பீடு என்றால் தலைப்புப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்கி, மீதியில் பெயர்களை எடுத்துவிட்டால் போதாது. நன்றியுரை, நிதி எண், கல்லூரி பெயர் வரும் நெறிமுறைக் குழு வரி, ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்ற தொடர் எல்லாமே காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ‘செல்வி_ஃபைனல்_3’ என்று கோப்புக்குப் பெயர் வைப்பவர்களும் உண்டு. வேர்டின் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ கோப்பின் உள்தகவலில் இருக்கும் பெயரையும் துடைக்கும்.

அனுப்பும் நாளுக்கென்று முழுசாக அரை நாள் ஒதுக்குங்கள். இரவு 11 மணிக்கு உட்கார்ந்தால் பெயர்க் கட்டத்தில்தான் தவறு வரும், அந்தப் படிவத்தில் அடிப்பதுதான் பிறகு தரவுத்தளங்களுக்குப் போகிறது. பேப்பர் அனுப்பும் தளம் எடிட்டோரியல் மேனேஜர் என்றால் தலைப்பு, அப்ஸ்ட்ராக்ட், ஆசிரியர்கள், நிதி, அறிவிப்புகள் என்று வரிசையாகக் கேட்டு, கோப்புகளை ஏற்றச் சொல்லி, எல்லாவற்றையும் கோத்து ஒரு பிடிஎஃப் தயாரிக்கும். வரி எண், பக்க எண், இரட்டை இடைவெளி ஆகியவை கோப்பிலேயே இருக்கட்டும். லேட்டக்ஸ் ஆட்கள் படங்களைத் துணைக் கோப்புறையில் வைத்திருந்தால் அந்த அமைப்பு கண்டுகொள்ளாது. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு எடுத்து, மேற்கோள் பட்டியல் உள்ள பிபிஎல் கோப்பையும் சேர்த்து ஏற்றினால் மேற்கோள்கள் கேள்விக்குறியாக வராது.

பிடிஎஃப் தயாரானதோடு வேலை முடியவில்லை. அதை இறக்கி, பக்கம் பக்கமாகப் பார்த்து, ‘அப்ரூவ்’ கொடுக்க வேண்டும். அதைச் செய்யாதவரை பேப்பர் ஜர்னலுக்குப் போகாது, ‘வெயிட்டிங் ஃபார் ஆத்தர்ஸ் அப்ரூவல்’ என்ற அடுக்கில் உங்கள் கணக்கிலேயே கிடக்கும். இரண்டு மாதம் கழித்து ‘ஏன் பதிலே இல்லை’ என்று விசாரிப்பவர்களில் சிலருக்கு விடை இந்த ஒரு பொத்தான்தான். கையெழுத்துப் பிரதி எண் கொண்ட மின்னஞ்சல் வந்தால்தான் போய்ச் சேர்ந்தது என்று பொருள்.

பிறகு காத்திருப்பு. ‘வித் எடிட்டர்’ என்பது எடிட்டர் படிக்கிறார் என்றும் இருக்கலாம், ஒன்பது பேரிடம் ரிவியூ கேட்டு ஒன்பது பேரும் மறுத்துவிட்டார்கள் என்றும் இருக்கலாம். ‘அண்டர் ரிவியூ’ என்று மாறி மூன்று மாதம் ஆகியும் அசையவில்லை என்றால் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் கேட்கலாம். அந்த இடைவெளியில் அதே பேப்பரை இன்னொரு ஜர்னலுக்கு அனுப்புவது மட்டும் கூடாது. துறை சிறியது, இரண்டு ஜர்னலும் ஒரே ரிவியூவரிடம் போவது சகஜம்.

‘மேஜர் ரிவிஷன்’, அதாவது பெரிய திருத்தம் செய்து திரும்ப அனுப்பு என்ற முடிவு, வந்தால் அது நல்ல செய்தி. முதல் நாள் படித்துவிட்டு மூடி வையுங்கள், கோபம் ஆறட்டும். பிறகு பதில் கோப்பில் ரிவியூவரின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே ஒட்டி, கீழே பதில் எழுதுங்கள். ‘கரைப்பான் மட்டும் வைத்த கன்ட்ரோல் எங்கே?’ என்பது ஒரு கேள்வி என்றால் ‘நன்றி, திருத்தப்பட்டது’ என்பது பதில் இல்லை. ‘கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த குழி ஒவ்வொரு தட்டிலும் இருந்தது, முதல் வடிவில் குறிப்பிடத் தவறிவிட்டோம். அதன் இறுதிச் செறிவு 1 சதவீதம், வளர்ச்சியில் தடை தெரியவில்லை. செய்முறையில் 142 முதல் 145 வரையான வரிகளிலும் 2ஆம் படத்தின் விளக்கத்திலும் சேர்த்திருக்கிறோம்’ என்பது பதில். எடிட்டர் பேப்பரைத் திறக்காமலேயே இந்தக் கோப்பை மட்டும் படித்து முடிவெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அந்தக் குழியை வைக்கவே இல்லை என்றால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், அவகாசம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ரிவியூவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் ‘நீங்கள் கவனிக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். அவரே குழம்பினார் என்றால் வாசகரும் குழம்புவார், வாக்கியத்தை மாற்றிவிட்டு மாற்றியதைச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றிரண்டை மறுக்கலாம், தரவோடு. ஒரு ரிவியூவர் தன் பேப்பர்களையே ஐந்தாறு சேர்க்கச் சொன்னால், பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எடிட்டருக்குத் தனியாகத் தெரிவிக்கலாம். வரி எண்கள் புதிய கோப்பின் எண்களா, மாற்றங்கள் குறித்த கோப்பின் எண்களா என்று மேலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது.

ஏற்கப்பட்ட சில வாரங்களில் புரூஃப் வரும், வழக்கமாக 48 மணி நேரம் கெடு வைத்து, வெள்ளிக்கிழமை மாலையில். பக்கம் கட்டுபவர் எழுப்பிய கேள்விகள் ஓரத்தில் எண் போட்டு நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். வாக்கிய அழகைத் திருத்தும் நேரம் இதுவல்ல, புதிய தரவும் சேர்க்க முடியாது. படிவத்திலிருந்து இழுத்த பெயர்களில் எது குடும்பப் பெயராக நிறம் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், இதைத் திருத்தச் சுலபமான கடைசி இடம் இதுதான். பிறகு நிதி எண்ணை அனுமதி ஆணையோடும், அட்டவணைகளின் நிரல்களை மூலக் கோப்போடும் ஒப்பிடுங்கள், படங்களின் வரிசை மாறவில்லையே என்றும் பாருங்கள். கடைசியாக, தேடல் கட்டத்தில் ‘மில்லிகிராம்’ குறியை ஆங்கிலத்தில் தட்டி, அது வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, அங்கே உண்மையிலேயே மில்லிகிராம்தானா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.